குடியாத்தம் லுங்கியில் முதல் பாவாடை: வீட்டில் தைக்கத் தொடங்குவோருக்கு

வீட்டில் தைக்கக் கற்றுக்கொள்ள விரும்பும் பலர், எடுத்த எடுப்பில் ரவிக்கையில் கை வைத்து, அக்குள் வளைவிலும் கழுத்து வெட்டிலும் தடுமாறி, மனம் சோர்ந்து மிஷினை உறை போட்டு மூடிவிடுகிறார்கள். இது அவர்களுடைய திறமைக் குறைவு அன்று. தொடங்கிய இடம்தான் தவறு. நேராக வெட்டவும், நேராக அடிக்கவும், ஓரத்தை ஒரே அகலத்தில் மடிக்கவும் கை பழகிய பிறகே வளைவுகளுக்குப் போக வேண்டும். இந்த மூன்றையும் பழக்குவதற்கு ஏற்ற துணி நம் வேலூரிலிருந்து முப்பது சொச்சம் கிலோமீட்டர் தொலைவிலேயே நெய்யப்படுகிறது. குடியாத்தத்துக் கட்டம் போட்ட லுங்கியைத்தான் சொல்கிறேன்.

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்கு ஆரணிப் பட்டும் குடியாத்தம் லுங்கியும் சேர்ந்தே பெயர் வாங்கித் தந்தன. 1989-இல் மாவட்டம் பிரிந்தபோது ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது. லுங்கி நம்மிடம் தங்கிவிட்டது. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் இந்த ஊரில் வீட்டில் உடுத்துவதற்கு இதைவிட ஏற்ற பருத்தித் துணி கிடைப்பது அரிது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நெய்யும்போதே பாவிலும் (நீளவாக்கு இழை) ஊடையிலும் (குறுக்கு இழை) நிற நூலைக் கோத்து உண்டாக்கிய கட்டம் என்பதால், துணியின் மேல் ஓடும் ஒவ்வொரு கோடும் ஓர் இழையே ஆகும். கோட்டைப் பிடித்து வெட்டினால் இழை நேராக வெட்டுகிறோம் என்று பொருள். அளவுகோலைத் துணியே தன் உடம்பில் வைத்துக்கொண்டிருக்கிறது.

இந்தச் செய்முறையில் நாம் தைக்கப்போவது, ஒரே ஒரு மூட்டுத் தையலும், இடுப்பில் நாடாவும், பக்கத்தில் ஒரு சிறு பையும் கொண்ட, கணுக்கால் வரை இறங்கும் வீட்டுப் பாவாடை.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் கேட்கும்போது மூட்டாத (முனைகளைச் சேர்த்துத் தைக்காத) லுங்கி என்று சொல்லிக் கேளுங்கள். மூட்டியதே கிடைத்தால் அந்தத் தையலைப் பிரித்துக்கொள்ளலாம். நீளம் பொதுவாக 2 மீட்டர் இருக்கும். வாங்கும் முன் துணியைத் திருப்பிப் பாருங்கள். நெய்த கட்டம் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தமான நிறத்தில் தெரியும். அச்சடித்த கட்டமானால் பின்பக்கம் வெளிறியிருக்கும். அச்சுக் கட்டம் இழையோடு ஒட்டி ஓடும் என்று நம்ப முடியாது, ஆகவே நம் வேலைக்கு அது உதவாது. கட்டம் மிகப் பெரியதாகவும் வேண்டாம், கண்ணைக் குழப்பும் அளவுக்குச் சிறியதாகவும் வேண்டாம். இரண்டு விரல் அகலக் கட்டம் பழகுவதற்கு எளிது.

நூல் நம்பரைப் பற்றியும் கடைக்காரர் சொல்லக்கூடும். 60-ஆம் நம்பர் நூல் என்றால், ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் (நூல் சுருள்கள்) 60 அடங்கும் என்று கணக்கு. எனவே நம்பர் கூடக்கூட நூல் மெலியும், துணி வழுவழுப்பாகும். புதியவர்களுக்கு மிக மெல்லிய துணி மிஷினடியில் நழுவும் என்பதால், நடுத்தரமானதையே எடுங்கள்.

துவைக்காமல் வெட்ட வேண்டாம்

புதுத் துணியில் கஞ்சி இருக்கும். முதல் நனைப்பில் அது கரைந்து, துணி சுருங்கும். நான் தைத்த முதல் பாவாடையைத் துவைக்காமல் வெட்டிவிட்டேன். தைத்து முடித்து உடுத்திப் பார்த்தபோது கணுக்காலைத் தொட்ட விளிம்பு, இரண்டாம் துவைப்புக்குப் பிறகு கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது. அதைச் சரிசெய்ய வழியே இல்லை. ஆகவே லுங்கியைத் தனியாக ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் அலசி, முறுக்காமல் நிழலில் காயப்போடுங்கள். சாயம் இறங்குவதும் அப்போதே தெரிந்துவிடும். லேசான ஈரம் இருக்கும்போதே இழை போகும் திசையில் இஸ்திரி போட்டால் துணி படிந்து கிடக்கும்.

கணக்கும் வெட்டும்

லுங்கியின் நீளவாக்கில் மேலும் கீழும் ஓடுபவை கரைகள். அவற்றில் பிசிறு வராது. இரண்டு முனைகளும் வெட்டுப்பட்டவை. அவற்றில் பிசிறு வரும். நாம் கரையைக் கீழ்ப்புறம் வைத்துக்கொள்கிறோம். இதனால் அடியோரத்தை இருமுறை மடிக்கும் வேலை நமக்கு இல்லை.

நாடா கட்டும் இடத்திலிருந்து கணுக்கால் வரை டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். அது 38 அங்குலம் என்று கொள்வோம். மேலே நாடா மடிப்புக்கு 2 அங்குலமும், கீழே ஒற்றை மடிப்புக்கு 1 அங்குலமும் சேர்த்தால் 41 அங்குலம் வேண்டும். துவைத்துக் காய்ந்த லுங்கியின் அகலம் 49 அங்குலம் இருந்தால், மேல்புறத்தில் 8 அங்குல அகலத்துக்கு ஒரு நீண்ட துண்டு மிஞ்சும். நாடாவும் பையும் அதிலிருந்து வரப்போகின்றன. உங்கள் உயரத்துக்கும் உங்கள் துணியின் அகலத்துக்கும் ஏற்ப இந்த எண்கள் மாறும், கணக்கு மாறாது.

துணியைத் தரையில் ஒற்றையாக விரித்து, கரையிலிருந்து 41 அங்குலத்துக்கு மிக அருகில் வரும் கோட்டைக் கண்டுபிடித்து, முனைக்கு முனை அந்தக் கோட்டின் மேலேயே கத்தரியை ஓட்டுங்கள். கத்தரியின் கீழ் அலகு தரையைத் தொட்டபடியே நகர வேண்டும். துணியைத் தூக்கிப் பிடித்து வெட்டினால் கோடு வளைந்துவிடும். பிறகு இரண்டு முனைகளையும் நேர்ப்படுத்துங்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு முனைகளிலும் ஒரே நிறக் கோட்டைத் தேர்ந்தெடுத்து, தையல் அந்தக் கோட்டின் மேல் விழும் என்று முடிவு செய்து, அதற்கு வெளியே சரியாக 1 அங்குலம் விட்டு வெட்டினால், மூட்டும் இடத்தில் கட்டம் முறியாமல் தொடரும். ஒரு முனையில் மூன்று நான்கு அங்குலம் துணி வீணாகலாம். ஆகட்டும், சுற்றளவு ஏறத்தாழ 6 அடி இருப்பதால் பாவாடைக்கு அது குறையே அன்று.

லுங்கிக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால், உள்பக்கம் எது என்று நீங்களே முடிவு செய்து, சாக்பீஸால் அங்கங்கே ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். இந்தச் சிறு குறி இல்லாமல் பாதி வேலையில் பக்கம் மாறிப்போவது புதியவர்களுக்கு மிக எளிதில் நேரும்.

மிஷினைத் தயார் செய்தல்

நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது காலால் மிதிக்கும் கறுப்பு மிஷின்தான். நேர்த்தையல் மட்டுமே போடும் அந்த மிஷின் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். 14-ஆம் நம்பர் ஊசியைப் போடுங்கள். ஊசியின் தண்டில் ஒருபுறம் நெடுகப் பள்ளமான கோடு இருக்கும். நூல் எந்தப் பக்கத்திலிருந்து ஊசிக்கண்ணில் நுழைகிறதோ, அந்தப் பக்கம் நோக்கி அந்தப் பள்ளம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் தையல் விட்டுவிட்டு விழும்.

மிதித்துப் பழகாதவர்கள் முதல் நாள் நூலே கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை ஊசியடியில் வைத்து, கோட்டின் மேல் துளைகள் விழும்படி ஓட்டிப் பாருங்கள். தாள் குத்திய ஊசி மழுங்கும் என்பதால் அதைத் தனியே எடுத்துவைத்துவிடுங்கள். சக்கரத்தின் மேல்புறம் எப்போதும் உங்களை நோக்கியே சுழல வேண்டும். எதிர்த்திசையில் ஓடிவிட்டால் நூல் சிக்கி அறுந்துவிடும். பழகும்வரை ஒவ்வொரு முறையும் சக்கரத்தைக் கையால் உங்கள் பக்கம் ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு, அதன் பிறகு மிதியுங்கள்.

நூல் கோத்த பின், மிஞ்சிய லுங்கித் துண்டில் ஒரு சாண் நீளம் அடித்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டு தையல் விழுந்தால் போதும். துணியின் கீழ்ப்பக்கத்தில் நூல் கொத்தாகத் திரண்டிருந்தால், எல்லோரும் கீழ்நூல் சுற்றிய பாபினையே சந்தேகித்து அதைக் கழற்றுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் குற்றம் மேல்நூலில்தான் இருக்கும். அது நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்காராமல் தளர்வாக ஓடுகிறது. துணியை அழுத்திப் பிடிக்கும் புட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல்நூலை முழுவதும் எடுத்து, முதலிலிருந்து மறுபடி கோத்துவிடுங்கள். மாறாக, மேல்பக்கத்தில் நூல் விறைத்த கம்பிபோல் நேராகக் கிடந்து, கீழ்நூல் புள்ளி புள்ளியாக மேலே எட்டிப்பார்த்தால், டென்ஷன் திருகைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் தெரியும்வரை இந்தத் துண்டிலேயே நேரம் செலவிடுங்கள். இதில் போகும் அரை மணி நேரம் பிறகு தையல் பிரிக்கும் இரண்டு மணி நேரத்தைக் காப்பாற்றும்.

மூட்டுத் தையல்

நல்ல பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி முனைகளைச் சேர்த்து வையுங்கள். கீழ்க்கரையிலிருந்து தொடங்கி, மேல் துணியின் ஒவ்வொரு கோடும் கீழ்த் துணியின் அதே கோட்டின் மேல் அமர்கிறதா என்று குண்டூசியைக் குத்திப் பாருங்கள். மேலே கோட்டில் நுழைந்த ஊசிமுனை, கீழே திருப்பிப் பார்த்தால் அதே கோட்டில் வெளிவர வேண்டும். ஓர் இழை தள்ளி வந்தாலும் எடுத்துக் குத்துங்கள். நான்கு அங்குலத்துக்கு ஒரு குண்டூசி, தையல் கோட்டுக்குக் குறுக்காக, தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி இருக்கட்டும். இவ்வளவு பாடு எதற்கு என்றால், மிஷினின் பல் கீழ்த் துணியை மட்டுமே பிடித்து இழுக்கிறது. மேல் துணி புட்டின் அழுத்தத்தில் சற்றே பின்தங்குகிறது. குண்டூசி இல்லாமல் 40 அங்குலம் அடித்தால், கடைசியில் மேல் துணி ஒரு விரல்கடை மிஞ்சி நிற்கும். கட்டங்கள் படிக்கட்டுபோல் இறங்கியிருக்கும்.

கீழிலிருந்து மேலாக, குறித்து வைத்த கோட்டின் மேலேயே அடியுங்கள். ஊசியைப் பார்க்காமல், அதற்கு அரை அங்குலம் முன்னால் இருக்கும் கோட்டைப் பாருங்கள். கை தானாக நேராகும். ஒவ்வொரு குண்டூசியையும் மிஷின் ஊசி நெருங்கும் முன்பே உருவிவிடுங்கள். மேல் முனைக்கு 2 அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, நாலைந்து தையல் திரும்ப அடித்துப் பூட்டுங்கள். அந்த 2 அங்குலம் திறந்தே இருக்க வேண்டும். நாடா வெளியே வரும் வாய் அதுதான்.

இனி உள்பக்கம் திருப்பி, தையலை இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரியால் அமர்த்துங்கள். இரு ஓரங்களிலும் உள்ள பிசிறை அரை அங்குலம் உள்ளே மடித்து, அந்த மடிப்பை ஒட்டி மேலிருந்து கீழ்வரை அடித்துவிடுங்கள். திறந்த வாயின் ஓரங்களும் இதே ஓட்டத்தில் மடிந்து முடிந்துவிடும். ஓவர்லாக் மிஷின் இல்லாத வீட்டில் பிசிறை அடக்க இதைவிட நம்பகமான வழியை நான் பார்த்ததில்லை.

நாடா மடிப்பு, பை, அடியோரம்

மேல் ஓரத்தை உள்பக்கமாக அரை அங்குலம் மடித்து இஸ்திரி போட்டு, மறுபடி ஒன்றரை அங்குலம் மடித்து, கீழ் விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் அடியுங்கள். இங்கேயும் ஏதாவது ஒரு கோட்டைத் துணைக்கு வைத்துக்கொண்டால் அகலம் மாறாது.

மிஞ்சிய 8 அங்குலத் துண்டிலிருந்து இரண்டரை அங்குல அகலத்தில் நீளவாக்கில் ஒரு பட்டி வெட்டுங்கள். நீளம் இடுப்புச் சுற்றளவோடு 28 அங்குலம் கூட இருக்கட்டும். பட்டியின் இரு ஓரங்களையும் நடுக்கோட்டுக்கு மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, ஓரத்தில் அடித்தால் நாடா தயார். கடையில் விற்கும் வெள்ளை நாடாவையும் போடலாம்தான். ஆனால் அதே துணியில் செய்த நாடா முடிச்சில் நழுவாது, இடுப்பையும் அறுக்காது.

பைக்கு மீதித் துண்டில் 8 அங்குல நீளம் வெட்டுங்கள். மேல் ஓரத்தை ஒன்றரை அங்குலம் மடித்து அடித்து, மற்ற மூன்று பக்கமும் அரை அங்குலம் உள்ளே மடித்து இஸ்திரி போட்டு, வலக்கை இயல்பாகத் தொங்கும் இடத்தில் பாவாடையின் கட்டத்தோடு பையின் கட்டத்தைப் பொருத்தி, மூன்று பக்கமும் அடியுங்கள். வாயின் இரு மூலைகளிலும் சிறு முக்கோணமாகத் திரும்ப அடித்தால்தான், சாவிக்கொத்தின் பாரத்தில் பை கிழியாமல் நிற்கும்.

அடியோரத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஊக்கில் நாடாவைக் கோத்து மடிப்புக்குள் ஓட்டி, பாவாடையை உடுத்திக் கட்டி, சுருக்கங்களைச் சுற்றிலும் சமமாகப் பரப்பிய பின், வீட்டில் யாரையாவது தரையிலிருந்து ஒரே உயரம்தானா என்று நான்கு புறமும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கரையை ஒரே மடிப்பாக 1 அங்குலம் உள்ளே மடித்து அடித்துவிட்டு, நாடாவின் இரு நுனிகளிலும் முடிச்சுப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே அது மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.