"நம்ம வீட்டுல இப்படித்தான்": குடும்பத்துக்குன்னு ஒரு கல்ச்சரை யோசிச்சு உருவாக்குறது எப்படி?

ஒரு கண்ணாடி டம்ளர் கீழ விழுந்து உடையுது. சில வீட்டுல வர்ற முதல் வார்த்தை "யாரு உடைச்சது?", சில வீட்டுல "கால்ல குத்திடும், அங்கயே நில்லு". ரெண்டையுமே யாரும் உட்கார்ந்து முடிவு பண்ணல, வருஷக்கணக்கா அப்படியே பழகிடுச்சு, அந்தப் பழக்கத்தைப் பார்த்துதான் பிள்ளைங்க "இந்த வீட்டுல தப்பு பண்ணா என்ன ஆகும்"னு கத்துக்குது. குடும்பக் கல்ச்சர்னு நான் சொல்றது இதைத்தான். அது எல்லா வீட்டுலயும் ஏற்கனவே இருக்கு, நல்லதோ கெட்டதோ. அதைத் தானா வளர விடாம நாமளே யோசிச்சு, நமக்கு முக்கியமான மதிப்புகளை வெச்சு கட்டுறதுக்கு என்ன பண்ணணும்னு புதுசா ஆரம்பிக்கறவங்களுக்காக எழுதறேன்.

ஸ்டெப் 1: ரெண்டு வாரம் கவனிங்க, எதையும் மாத்தாதீங்க

ஒரு நோட்டு போதும், ஃபோன்ல குறிச்சாலும் சரி. யாராவது தப்பு பண்ணா முதல் ஒரு நிமிஷத்துல என்ன நடக்குது, எதுக்கெல்லாம் பாராட்டு கிடைக்குது, எந்த விஷயத்தை நம்ம வீட்டுல யாருமே வாயைத் திறந்து பேசறதில்ல, லீவு நாள்ல நேரமும் காசும் எங்க போகுது. இந்த நாலை மட்டும் பாருங்க.

அமெரிக்காவுல இருக்கற எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்த எட்கர் ஷைன், கம்பெனிகளோட கல்ச்சரைப் பத்தி 1980கள்ல எழுதினப்போ அதை மூணு அடுக்கா பிரிச்சார். மேல இருக்கறது கண்ணுக்குத் தெரியறது, நடுவுல "நாங்க இதை மதிக்கிறோம்"னு வாயால சொல்றது, அடியில யாரும் சொல்லாமலே எல்லாரும் ஏத்துக்கிட்ட நம்பிக்கைகள். உண்மையில ஆளை நடத்தறது அந்த அடி அடுக்குதான்னார். வீட்டுக்கும் இது அப்படியே பொருந்துதுன்னு நினைக்கிறேன். "மார்க்கைவிட குணம்தான் எங்களுக்கு முக்கியம்"னு சொல்ற அப்பா அம்மா, பிள்ளை ஸ்கூல்ல இருந்து வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள "டெஸ்ட்ல எவ்வளவு?"ன்னு கேட்டா, பிள்ளை அந்தக் கேள்வியைத்தான் நம்பும், குணத்தைப் பத்தி சொன்னதை இல்ல. ரெண்டு வாரம் கவனிச்சா உங்க வீட்டோட அடி அடுக்கு ஓரளவு தெரிஞ்சிடும். பார்க்க கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும், பாருங்க.

ஸ்டெப் 2: பெரியவங்க முதல்ல பேசிக்குங்க

பிள்ளைங்களைக் கூப்பிடறதுக்கு முன்னாடி இது முடியணும். கணவன் மனைவின்னா ரெண்டு பேரும் ரெண்டு வேற வீட்டுல வளர்ந்தவங்க, ரெண்டு பேருக்கும் தன் வீட்டு வழக்கம்தான் இயல்பு, மத்தது விநோதம். ஒருத்தர் வளர்ந்த வீட்டுல கோவம் வந்தா கத்திட்டு அஞ்சு நிமிஷத்துல சிரிச்சிடுவாங்க, இன்னொருத்தர் வீட்டுல கோவம்னா மூணு நாள் பேச்சே இருக்காது, இந்த ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ வந்தா ஒருத்தரோட சத்தம் இன்னொருத்தருக்கு பயமாவும், ஒருத்தரோட மௌனம் இன்னொருத்தருக்கு தண்டனையாவும் தெரியும். அதனால ஒருத்தரை ஒருத்தர் ரெண்டு கேள்வி கேளுங்க: நீ வளர்ந்த வீட்டுல இருந்து எதை நம்ம பிள்ளைக்கு அப்படியே கொடுக்க ஆசைப்படற? எது உன்னோடயே நிக்கணும்னு நினைக்கிற? கேட்டுட்டு குறுக்க பேசாம இருங்க, அவங்க அப்பா அம்மாவைக் குறை சொல்றதுக்கு இது நேரமில்ல. தனியா பிள்ளை வளர்க்கறவங்க, பிள்ளையைப் பார்த்துக்கற தாத்தா பாட்டியோடயோ, கூட இருக்கற வேற பெரியவங்களோடயோ இதையே பேசலாம்.

ஸ்டெப் 3: எல்லாரும் சேர்ந்து மூணோ நாலோ மதிப்புகள் மட்டும்

"நம்ம வீட்டோட மதிப்புகள் என்ன?"ன்னு பிள்ளைங்ககிட்ட கேட்டா ஸ்கூல்ல சொல்லிக்கொடுத்த பதில்தான் வரும். அதுக்குப் பதிலா நடந்ததைக் கேளுங்க. நம்ம குடும்பத்தை நினைச்சு உனக்கு எப்ப பெருமையா இருந்துச்சு? எப்ப வீட்டுக்கு வரவே பிடிக்கல? உன் ஃப்ரெண்டு நம்ம வீட்டுல ஒரு வாரம் தங்கினா அவங்க வீட்டுல போய் நம்மளப் பத்தி என்ன சொல்லுவான்? பதிலை அவங்க வார்த்தையிலயே எழுதுங்க, திருத்தாதீங்க. எல்லாத்தையும் சேர்த்துப் படிச்சா திரும்பத் திரும்ப வர்ற விஷயம் தானா தெரியும்.

பத்து பன்னெண்டு எழுதணும்னு தோணும், வேணாம். ஷாலோம் ஷ்வார்ட்ஸ்ங்கற உளவியலாளர் பல நாட்டு மக்கள்கிட்ட ஆராய்ச்சி பண்ணி 1992-ல பத்து அடிப்படை மதிப்புகளை ஒரு வட்டமா அடுக்கிக் காட்டினார். பக்கத்துப் பக்கத்துல இருக்கறது ஒத்துப்போகும், எதிரெதிரா இருக்கறது இழுத்துக்கும். தான் ஜெயிக்கணும்ங்கறதும் கூட இருக்கறவங்களைப் பார்த்துக்கணும்ங்கறதும் அந்த மாதிரி இழுத்துக்கற ஜோடி, சொந்தமா யோசிக்கறதும் சொல்றதைக் கேட்டு நடக்கறதும் இன்னொண்ணு. எல்லாத்தையும் லிஸ்ட்ல போட்டா நெருக்கடி வர்றப்போ லிஸ்ட் எதுக்கும் உதவாது. அதனால மூணோ நாலோ எடுத்துட்டு, ரெண்டு மோதினா எது முன்னாடி போகும்னும் அப்பவே பேசிடுங்க. உதாரணத்துக்கு உண்மையும் அன்பும் உங்க லிஸ்ட்ல இருந்தா, ஒருத்தர் வரைஞ்ச படம் நல்லா இல்லன்னு தோணறப்போ என்ன சொல்றது? இந்த மாதிரி சின்ன கேள்விக்கு பிள்ளைங்க சொல்ற பதில் பல சமயம் நம்ம பதிலைவிட நல்லா இருக்கும்.

ஸ்டெப் 4: ஒவ்வொரு மதிப்பையும் ஒரு செயலா மாத்துங்க

நிறைய குடும்பங்க நிக்கற இடம் இதுதான். அழகா எழுதி ஃப்ரேம் போட்டு சுவத்துல மாட்டிடுவாங்க, அதுக்கப்புறம் ஒண்ணும் நடக்காது. "நேர்மை"ங்கற ஒத்தை வார்த்தை ஏழு வயசுப் பிள்ளைக்கு எதையும் சொல்லல, நமக்கும்தான்.

பீட்டர் கோல்விட்சர்ங்கற உளவியலாளர் 1999-ல எழுதின ஒரு கட்டுரையில, வெறுமனே "இதை செய்யணும்"னு நினைக்கறவங்களைவிட "இது நடந்தா நான் இதை செய்வேன்"னு சூழ்நிலையோட சேர்த்து முடிவு பண்றவங்க அதை நிறைவேத்தற வாய்ப்பு அதிகம்னு விளக்கினார். அதே ஃபார்மட்டை எடுத்துக்குங்க.

நேர்மைன்னா: "நீயா வந்து உண்மையை சொன்னா கத்த மாட்டோம், அடுத்து என்ன பண்றதுன்னு சேர்ந்து யோசிப்போம்." மரியாதைன்னா: "ஒருத்தர் பேசறப்போ ஃபோன் கவுந்து இருக்கும்." பொறுப்புன்னா: "உன்னால ஒண்ணு கெட்டுப்போனா, சரி பண்றதுலயும் உன் கை இருக்கும்."

முதல் வாக்கியத்தை இன்னொரு தடவை படிங்க, அதுல விலை கொடுக்கறது பெரியவங்க. பிள்ளை நிஜமாவே வந்து "நான்தான் பணத்தை எடுத்தேன்"னு சொல்ற அன்னிக்கு உங்களுக்கு தலைக்கு மேல கோவம் வரும், அன்னிக்கு கத்திட்டீங்கன்னா நேர்மைங்கற மதிப்பு அங்கயே முடிஞ்சுது, ஏன்னா பிள்ளை கத்துக்கிட்டது "சொன்னா மாட்டிப்போம்"ங்கறது. எடுத்த பணத்தைத் திருப்பித் தரணும்ங்கறது அப்படியே இருக்கட்டும், அதை விட்டுக்கொடுக்கச் சொல்லல, ஆனா உண்மை சொன்னதுக்குத் தண்டனை இருக்கக் கூடாது. ஒரு மதிப்பை எழுதறப்போ அது பெரியவங்ககிட்ட என்ன கேக்குதுன்னு எழுத முடியலன்னா அது வெறும் பிள்ளைங்களுக்கான ரூல், அதை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க. ஃபோன் விஷயமும் அப்படித்தான், அப்பாவுக்கு வர்ற ஆபீஸ் மெசேஜுக்கு விலக்கு இருந்தா பிள்ளைங்க அந்த விலக்கைத்தான் ஞாபகம் வெச்சுக்கும். ஆல்பர்ட் பண்டூராங்கற உளவியலாளர் 1961-ல ஒரு பொம்மையை வெச்சு பண்ணின பரிசோதனையில, பெரியவங்க அந்தப் பொம்மையை அடிக்கறதைப் பார்த்த குழந்தைங்க யாரும் சொல்லாமலே அதே மாதிரி அடிச்சாங்க. நம்ம வீட்டுலயும் கண்ணு பார்த்துக்கிட்டேதான் இருக்கு.

ஸ்டெப் 5: நாள்ல, வாரத்துல அதுக்கு ஒரு இடம் கொடுங்க

பார்பரா ஃபீஸும் அவரோட சக ஆராய்ச்சியாளர்களும் குடும்பப் பழக்கங்களைப் பத்தின 50 வருஷ ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2002-ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. அதுல ரொட்டீனையும் சடங்கையும் பிரிச்சுக் காட்டறாங்க: ரொட்டீன் "இதை செஞ்சு முடிக்கணும்"னு சொல்லுது, சடங்கு "நாம இப்படிப்பட்டவங்க"ன்னு சொல்லுது. ராத்திரி எல்லாரும் சேர்ந்து சாப்பிடறது ரொட்டீன், அதே சாப்பாட்டுல ஒவ்வொருத்தரும் "இன்னிக்கு யாருக்காவது உதவினேனா, யாராவது எனக்கு உதவினாங்களா"ன்னு ஒரு வரி சொன்னா அதுவே சடங்கு. புதுசா நேரம் ஒதுக்க முடியலன்னா இப்படி ஏற்கனவே இருக்கறதோட ஒட்ட வைங்க, தூங்கப் போற நேரம், பஸ்ல போற நேரம் எதுவா இருந்தாலும் சரி.

குடும்பக் கதைகளையும் விட்டுடாதீங்க. எமரி பல்கலைக்கழகத்துல மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் ரெண்டு பேரும் 2001 வாக்குல 20 கேள்வி வெச்சு பிள்ளைங்களைக் கேட்டாங்க: அப்பா அம்மா எப்படி சந்திச்சாங்க தெரியுமா, நீ பிறந்தப்போ என்ன நடந்துச்சு தெரியுமா, இந்த மாதிரி. அதிகம் தெரிஞ்ச பிள்ளைங்களுக்கு தன்னைப் பத்தின மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில இருக்குங்கற உணர்வும் அதிகமா இருந்துச்சு. கதை தெரிஞ்சதாலதான் இதெல்லாம் வந்துச்சுன்னு சொல்லிட முடியாது, கதை சொல்ல ஆளும் நேரமும் இருக்கற வீடுங்கறதும் சேர்ந்திருக்கும். ஜெயிச்ச கதை மட்டும் சொல்லாதீங்க. தாத்தா கடையை இழந்தது, அதுக்கப்புறம் எப்படி எழுந்தார்ங்கறது ரெண்டையும் சேர்த்து சொல்லுங்க.

வாரத்துக்கு ஒரு தடவை இருபது நிமிஷம் எல்லாரும் உட்காருங்க. என்ன நல்லா போச்சு, என்ன சரியா போகல, அடுத்த வாரம் எந்த ஒண்ணை மட்டும் கவனிக்கலாம். அவ்வளவுதான், நீட்டினா பிள்ளைங்க வெறுத்துடும்.

பழக சீக்கிரம் ஆகாது. ஃபிலிப்பா லாலி குழு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பண்ணி 2009-ல வெளியிட்ட ஆய்வுல, ஒரு சின்னப் பழக்கம் தானா வர ஆரம்பிக்க சராசரியா 66 நாள் ஆச்சு, ஆளைப் பொறுத்து 18-ல இருந்து 254 வரைக்கும் மாறுச்சு. அது ஒரு தனி ஆளோட பழக்கம், இது நாலு பேர் சேர்ந்தது. நடுவுல ஒரு நாள் விட்டுப்போனதால பெரிய பாதிப்பு இல்லங்கறதும் அதே ஆய்வுல இருக்கு.

ஸ்டெப் 6: மீறினப்போ சரி பண்றதுக்கு வழி

மீறுவோம், எல்லாருமேதான். எட்வர்ட் ட்ரோனிக் தாய்க்கும் கைக்குழந்தைக்கும் நடுவுல நடக்கறதை நுணுக்கமா கவனிச்சவர், நல்லா இருக்கற ஜோடிகள்கூட நிறைய நேரம் ஒத்துப்போறதில்ல, விலகினதும் திரும்ப சேர்றதுதான் உறவை வளர்க்குதுன்னு சொன்னார். அதனால மன்னிப்புக் கேக்கற முறையையும் முன்னாடியே பேசி வைங்க. என்ன பண்ணேன், அது உனக்கு எப்படி இருந்திருக்கும், இப்ப என்ன சரி பண்றேன். இந்த மூணும் போதும், "ஆனா நீயும்தான்..."னு ஆரம்பிச்சா மறுபடி முதல்ல இருந்து சொல்லணும். இந்த மன்னிப்பை பெரியவங்களும் பிள்ளைங்ககிட்ட கேக்கணும், மத்தவங்க முன்னாடி திட்டியிருந்தா மத்தவங்க முன்னாடியே கேக்கணும்.

அடிக்கடி வர்ற ரெண்டு சிக்கல்

டீன் ஏஜ் பிள்ளை "இதெல்லாம் எதுக்கு"ன்னு எழுந்து போகும். கட்டாயப்படுத்தாதீங்க, அந்த வயசுல சொந்த முடிவுங்கறது உயிர் மாதிரி. வர்ற வாரம் மீட்டிங்கை நீயே நடத்து, ஒரு ரூலை நீ மாத்திக் காட்டுன்னு கொடுங்க, மாத்தினதை நிஜமா கடைப்பிடிங்க.

துணைக்கு இதுல ஆர்வமே இல்லன்னா, பெரிய திட்டமா கொண்டுபோகாம ஸ்டெப் 4-ல ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து உங்க பக்கம் மட்டும் மூணு மாசம் செய்ங்க, அறிவிப்பு எதுவும் வேணாம். அப்புறம் ஸ்டெப் 2-ல இருக்கற ரெண்டு கேள்வியை ஒரு நாள் நிதானமா கேளுங்க. அவங்க சொல்ற பதில் உங்க லிஸ்ட்டோட ஒத்துப்போகலன்னா லிஸ்ட்டைத்தான் முதல்ல திருத்தணும்.