ஏற்காட்டில் திணறும் வண்டியின் கார்ப்புரேட்டரைத் திருகுவதற்கு முன்

சேலத்திலிருந்து பழைய இருசக்கர வண்டியில் ஏற்காடு போகிறவர்கள் பலர் செய்யும் தவறு இது. அடிவாரம் வரை பிசிறில்லாமல் ஓடிய வண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற இழுவை குறைகிறது. ஏரிக்கரையில் நிறுத்தினால் ஐடிலிங் (ஆக்சிலேட்டரை முறுக்காதபோது இன்ஜின் ஓடும் ஓட்டம்) தடுமாறி அணைந்துவிடுகிறது. உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்ப்புரேட்டரில் கைக்கு எட்டிய திருகைத் திருப்பி, சத்தம் சீரானதும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சேலத்துக்கு இறங்கியதும் அதே வண்டி சூடேறுகிறது. ஆக்சிலேட்டரை விடும்போதெல்லாம் சைலன்சர் படபடவென்று வெடிக்கிறது. மேலே வண்டியில் பழுது எதுவும் இருந்திருக்காது. கீழே வந்த பழுது அந்தத் திருகலால் வந்தது.

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரில். இந்த ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்துவிடுகிறது. கார்ப்புரேட்டரின் நடுவே குறுகலான ஒரு குழாய்ப் பகுதி உண்டு. இன்ஜின் உறிஞ்சும் காற்று அங்கே வேகமெடுக்கும்போது அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் அடியிலுள்ள கிண்ணத்திலிருந்து ஜெட் என்னும் நுண்துளை வழியாகப் பெட்ரோலை மேலே இழுக்கிறது. கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டத்தை ஒரு மிதவையும் முள் வால்வும் காக்கின்றன. காற்றின் எடையை அளக்க இதில் எந்த வழியும் இல்லை. காற்று மெலிந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. எனவே மலையில் கலவையில் பெட்ரோல் கூடிவிடுகிறது. ஓரிரு நாள் பயணத்துக்கு இதைப் பொறுத்துக்கொள்வதே நல்லது. ஐடிலிங் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் போதும். ஏற்காட்டிலேயே குடியிருப்பவர்கள் ஜெட் அளவையே மாற்றிக்கொள்வது முறை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்னும் வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வெளிவந்த வண்டிகள் பெரும்பாலும் பெட்ரோலைச் சென்சார் கணக்கில் தெளிப்பவை; அவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அறிகுறிகளைப் பிரித்தறியாமல் கைவைப்பது அடுத்த தவறு. பெட்ரோல் கூடினால் கரும்புகை, சைலன்சரில் பெட்ரோல் வாடை, மந்தமான இழுவை, மைலேஜ் சரிவு. காற்று கூடினால் இன்ஜின் கொதிக்கும். ஆக்சிலேட்டரை முறுக்கியதும் ஒரு கணம் தயங்கும். விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காது. நீலப்புகை வந்தால் அது ஆயில் எரிவது. கார்ப்புரேட்டரைப் பழிக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை, ஆனால் அதிலும் அவசரம் கூடாது. டிராஃபிக்கில் நின்று ஊர்ந்து வந்த வண்டியின் பிளக் எப்போதும் கறுத்தே இருக்கும். நெடுஞ்சாலையில் சில கிலோமீட்டர் சீராக ஓட்டி, இன்ஜினை நிறுத்தி, சூடு ஆறியதும் கழற்ற வேண்டும். நடுமுனையைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. விரலில் ஒட்டும் உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் காற்று கூடுதல்.

பிளக் வெளுத்திருந்தாலும் கை நேராகக் கார்ப்புரேட்டருக்குப் போகக் கூடாது. கார்ப்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர் இணைப்பு வெடித்திருந்தால் அந்த விரிசல் வழியே காற்று புகுந்துவிடும். அடைத்துப்போன ஏர் ஃபில்டர் இதற்கு நேர்மாறாகக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும். இந்த இரண்டையும் பார்க்காமல் டியூனிங் செய்வது வீண் வேலை.

திருகுவதென்றால், எந்தத் திருகு என்று முதலில் தெரிய வேண்டும். ஒன்று ஐடிலிங் வேகத்துக்கு, மற்றொன்று கலவைக்கு. கலவைத் திருகு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் பெரும்பாலும் அது காற்றை அளப்பது. வெளியே திருகத் திருகக் காற்று கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலை அளப்பது. வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். ஒரு வண்டியில் பழகியதை இன்னொன்றில் அப்படியே செய்தால் விளைவு தலைகீழாகும். தொடுவதற்கு முன் மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இறுக்கினால் ஊசிமுனை நசுங்கும். இந்தத் திருகு ஆளுவது ஐடிலிங்கையும் மெதுவான ஓட்டத்தையும் மட்டும்தான். பாதி ஆக்சிலேட்டரில் ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் ஜெட் ஊசியும், முழுதாக முறுக்கும்போது மெயின் ஜெட்டும் அளக்கின்றன. ஆகவே எந்த முறுக்கலில் குறை தெரிகிறது என்று கவனித்தாலே பழுதின் இடம் பாதி தெரிந்துவிடும்.

மைலேஜுக்காக ஜெட்டைச் சிறிதாக்கித் தரும்படி கேட்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலைப் போடும்போதே பழைய ஜெட்டுக்குக் கலவையில் காற்று ஓரளவு கூடிவிடுகிறது. ஜெட்டைச் சிறிதாக்கி மேலும் காற்றைக் கூட்டிவிட்டு, இரண்டு பேரோடு மலை ஏறினால் பிஸ்டன் தாங்காது.

ஜெட்டைக் கம்பியால் குத்துவதும் இதே அளவு கேடு. ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, பித்தளையோ மென்மையானது. கம்பி ஒருமுறை உரசினாலும் துளை அகன்றுவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றால் ஊத வேண்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டி, கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் போட்டால் மட்டும் ஓடுகிறதென்றால், அடைத்திருப்பது பெரும்பாலும் இந்த ஜெட்தான்.

வண்டியை நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூட மறப்பதைப் பலர் தவறாகவே நினைப்பதில்லை. முள் வால்வு தேய்ந்திருந்தால் பெட்ரோல் வழிந்து இன்ஜினுக்குள் இறங்கும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ மட்டம் ஏறியிருந்தாலோ வண்டியைக் கிளப்பாதீர்கள். முள் வால்வையும் ஆயிலையும் மாற்றிய பிறகு ஓட்டுங்கள்.