பாவசங்கீர்த்தனம்: ரொம்ப நாள் கழித்துப் போகிறவர்களுக்கு

நம் குமரி மாவட்டத்துக் கத்தோலிக்கக் கோவில்களில் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சாமியாரிடம் (குருவிடம்) பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு, நீண்ட வரிசை நிற்பது ஊர்த் திருவிழாவுக்கும் புனித வாரத்துக்கும்தான். வருடத்துக்கு ஒரு தடவையாவது செய்ய வேண்டும் என்பது 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பொதுக்கூட்டம் வைத்த ஒழுங்கு. குறைந்தபட்சம் அது. நம்மில் பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறோம். அப்படிப் போகிறவர், "பொய் சொன்னேன், கோபப்பட்டேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். மாதாமாதம் போகிறவருக்கு எதற்காகக் கோபப்பட்டோம் என்பது நினைவிருக்கும். மூன்றாவது மாதமும் அதே கோபத்தைச் சொல்ல வேண்டி வந்தால், கோளாறு எங்கே என்று அவருக்கே புரிந்துவிடும்.

1. நாளைக் குறியுங்கள்

மாதத்தின் முதல் வெள்ளி பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிறவர்கள், படகு ஏறுவதற்கு முந்தின நாள் என்று வைத்துக்கொள்ளலாம். திருவிழாக் கூட்டத்தில் மட்டும் முதல் தடவை போகாதீர்கள். சாமியாருக்கும் நேரம் இருக்காது, உங்களுக்கும் பதற்றம்.

2. எந்தக் கோவில்?

சொந்தப் பங்கில் (உங்கள் ஊர்க் கோவிலில்)தான் செய்ய வேண்டும் என்றில்லை. பங்குச் சாமியார் தினமும் பார்க்கிறவர், கூச்சமாக இருக்கிறது என்றால் கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்குப் போகலாம். எங்கே சொன்னாலும் அது வெளியே வராது. அந்த இரகசியத்தை நேரடியாக உடைக்கும் குரு அந்தச் செயலாலேயே திருச்சபையிலிருந்து விலக்கப்படுகிறார்.

3. ஆத்தும சோதனை

இதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும். பத்துக் கட்டளைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஆனால் ஊர்க் கண்ணோடு பாருங்கள். மகன் கல்யாணத்தில் பேசி வாங்கிய நகையும் ரொக்கமும் எந்தக் கட்டளையில் வரும்? இதை யாரும் பாவப் பட்டியலில் சேர்ப்பதாகத் தெரியவில்லை. தம்பியின் ரப்பர் தோட்டத்துக்குள் தள்ளி நட்ட எல்லைக்கல், கொடுக்காமல் இழுத்தடிக்கும் சீட்டுப் பணம், வாட்ஸ்அப் குழுவில் பரப்பிய அவதூறு, எல்லாவற்றையும் எடுங்கள். சாவான பாவங்களை (தெரிந்தே, மனதாரச் செய்த பெரிய பாவங்களை) வகையும் எண்ணிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அற்பப் பாவங்களைச் சொல்வது கட்டாயமில்லை. ஆனாலும் சொல்லும்படி திருச்சபை வலியுறுத்துகிறது. மறந்துபோகும் என்றால் சீட்டில் எழுதிக்கொள்ளலாம், அப்புறம் கிழித்துவிடுங்கள்.

4. தொட்டியருகில்

சாமியார் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும் இடம்தான் தொட்டி. அங்கே முழங்காலிட்டுச் சிலுவை அடையாளம் போடுங்கள். "சாமி, என்னை ஆசீர்வதியும். நான் பாவசங்கீர்த்தனம் செய்து இத்தனை வருடம் ஆகிறது" என்று தொடங்கலாம். பாவத்தைச் சொல்லுங்கள், கதை வேண்டாம். மாமியார் செய்தது மாமியாருடைய கணக்கு. சாமியார் அறிவுரை சொல்லி அபராதம், அதாவது பாவத்துக்குப் பரிகாரமாகச் செய்ய வேண்டிய செபமோ செயலோ, கொடுப்பார். மனத்துயர் செபம் மறந்துவிட்டதா? "மறந்துவிட்டது சாமி" என்றால் அவரே சொல்லிக்கொடுப்பார். பிறகு மன்னிப்பு வழங்குவார். "ஆமென்" என்று சொல்லி எழுந்துவிடலாம்.

5. அபராதம்

அன்றே, கோவிலை விட்டு வெளியே வருவதற்குள் செய்துவிடுங்கள். மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொன்னதும் எல்லைக்கல் தானாக நகராது. அதைப் பழைய இடத்தில் நட்டாக வேண்டும். பணமும் அப்படித்தான். முகம் காட்டிக் கொடுக்க முடியாத நிலை என்றால் தொட்டியிலேயே சாமியாரிடம் கேளுங்கள், பெயர் தெரியாமல் திருப்பிச் சேர்க்கவும் வழி சொல்வார்.