பேக்கப்பைத் தளத்துக்குள்ளேயே போடாதீர்கள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் காட்டேஜ், தேயிலை விற்பனை இணையதளங்களைப் புதிதாகப் பார்த்துக்கொள்ள வருபவர்கள் அதே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். பாஸ்வேர்டை நீளமாக வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுவோம்.

தளத்தின் ஃபோல்டருக்குள் பேக்கப்

சீசனுக்கு முன் அறை வாடகையை மாற்ற வேண்டும், இ-பாஸ் பற்றி ஒரு வரி சேர்க்க வேண்டும். கை வைக்கும் முன் மொத்தத் தளத்தையும் ஜிப் ஆக்கி, டேட்டாபேஸை எஸ்க்யூஎல் ஃபைலாக எடுத்து, இரண்டையும் தளத்தின் வெளியே தெரியும் ஃபோல்டரான பப்ளிக்_ஹெச்டிஎம்எல்லிலேயே போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். அங்கே இருப்பதை யார் வேண்டுமானாலும் பிரவுசரில் இறக்கிக்கொள்ளலாம். ‘ஃபைல் பெயர் யாருக்குத் தெரியப்போகிறது’ என்பார்கள். பேக்கப்.ஜிப், சைட்.ஜிப், டம்ப்.எஸ்க்யூஎல், டொமைன் பெயரிலேயே ஒரு ஜிப் என்று வரிசையாகக் கேட்டுப் பார்க்கும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) ராப்பகலாகச் சுற்றுகின்றன. நாலு அறை காட்டேஜா, பெரிய வங்கியா என்று அவை பார்ப்பதில்லை.

தளத்தின் அமைப்புகளும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் உள்ள கான்ஃபிக் ஃபைலை நகலெடுத்து, பெயரின் கடைசியில் .பேக் என்று சேர்ப்பது இன்னும் மோசம். .பிஹெச்பி ஃபைலை சர்வர் இயக்கும். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. .பேக் என்றால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டோடு அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும். ஜிப்புக்குள் விருந்தினர் பதிவேற்றிய ஆதார் நகலும் இருக்கும். நம்மை நம்பிக் கொடுத்தவர்களின் விவரம் இப்படிப் பறிபோவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

யார் எந்த ஃபைலைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் ஆக்சஸ் லாகில் ஜிப், எஸ்க்யூஎல், பேக் என்று தேடுங்கள். 200 (முழு ஃபைல்) அல்லது 206 (ஃபைலின் ஒரு பகுதி) என்று பதில் போயிருந்தால் பக்கத்தில் உள்ள பைட் அளவையும் பாருங்கள். அது, 206 என்றால் எல்லாப் பகுதிகளையும் கூட்டி வரும் அளவு, உங்கள் ஃபைலின் அளவோடு ஒத்துப்போனால் ஃபைல் போய்விட்டது. அழித்தால் மட்டும் போதாது. டேட்டாபேஸ், அட்மின், மெயில் பாஸ்வேர்டுகள், பணம் வாங்கும் சேவையோடு தளத்தை இணைக்கும் பேமென்ட் ஏபிஐ சாவி, வேர்ட்பிரஸ் என்றால் கான்ஃபிக்கில் உள்ள 8 ரகசியச் சாவிகள், எல்லாவற்றையும் மாற்றுங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, இத்தகைய கசிவு தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பல ஹோஸ்டிங்குகளில் லாக் சீக்கிரமே அழிந்துவிடும். இன்றே வேறிடத்தில் சேமிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

அதே சர்வரில் மட்டும் பேக்கப்

சர்வர் போனால் அதுவும் போகும்.

நிறுத்திவைத்த ப்ளகின்

ப்ளகின் என்பது தளத்தோடு சேர்க்கும் துணை நிரல். நிறுத்தினாலும் அதன் ஃபைல் அங்கேயே இருக்கும், அதன் ஓட்டையும் இருக்கும். அழித்துவிடுங்கள்.

கரண்ட் போய் வந்தபின் பார்க்காமல் விடுவது

தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்திலேயே சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இது. லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் கையால் போட்ட விதிகளைச் சேமிக்காவிட்டால் ரீபூட் ஆனதும் காணாமல் போகும். ஜூன், ஜூலை மழையில் கரண்ட் போய் வரும்போதெல்லாம், அலுவலக வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவிலிருந்து, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் 3306 போர்ட் வெளியே திறந்திருக்கிறதா என்று சோதியுங்கள்.