பழைய கார் வாங்கியதும் கழுவாதீர்கள், முதலில் அழுக்கைப் பாருங்கள்

செகண்ட் ஹேண்ட் கார் வீட்டுக்கு வந்ததும் பலரும் செய்கிற முதல் வேலை வாளி, ஷாம்பு, துணி எடுத்துக்கொண்டு இறங்குவதுதான். ஆசையாக வாங்கிய வண்டி, கை சும்மா இருக்காது. ஆனாலும் ஒரு நாள் பொறுங்கள். எந்த இடத்தில் ஆயில் கசிந்து அதன்மேல் தூசி அப்பியிருக்கிறது, எந்தக் கதவின் அடியில் தண்ணீர் ஓடிய தடம் இருக்கிறது, எந்த ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் தூள் கூடுதலாகப் படிந்திருக்கிறது என்பதெல்லாம் அந்த அழுக்கில்தான் தெரியும், கழுவினால் போய்விடும். விற்றவர் மேலே பளபளப்பாக்கித்தான் கொடுத்திருப்பார், இருந்தாலும் அடிப்பக்கத்திலும் பானெட்டுக்குள் இடுக்கிலும் அவர் கை பெரும்பாலும் போயிருக்காது.

முதல் இரவு வண்டியை நிறுத்தும்போது இன்ஜினுக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் அதில் கருப்பாகவோ பழுப்பாகவோ சொட்டு இருந்தால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் அல்லது பவர் ஸ்டியரிங் ஆயில். பச்சை, பிங்க், ஆரஞ்சு என்று ஏதோ ஒரு நிறத்தில், தித்திப்பான வாசனையோடு வழவழப்பாக இருந்தால் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். அது விஷம், நாயோ பூனையோ நக்கிவிடாமல் உடனே துடைத்துவிடுங்கள். ஏசி போட்டு ஓட்டிவிட்டு நிறுத்தியிருந்தால் வெறும் தண்ணீர் சொட்டுவது இயல்புதான். சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்ப் பசையோடு ஈரம் தெரிந்தால் மட்டும் விளையாட்டு வேண்டாம், பிரேக் ஆயில் கசிவாக இருக்கலாம், மெக்கானிக் பார்க்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

அதே காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பானெட்டைத் திறந்துவிடுங்கள். ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து அளவு பாருங்கள். ஆயில் கருப்பாக இருப்பதாலேயே பயப்பட வேண்டியதில்லை, டீசல் இன்ஜினில் ஆயில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். விரல்களுக்கு இடையில் தேய்க்கும்போது நரநரவென்று மணல் மாதிரி பட்டாலோ, பெட்ரோல் வாசனை தூக்கலாக அடித்தாலோதான் யோசிக்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெளிர் பழுப்பாக கிரீம் போல லேசாகப் படிந்திருந்தால், பக்கத்திலேயே கொஞ்ச தூரம் போய்வந்துகொண்டிருந்த வண்டியாக இருக்கலாம், ஈரம் கோத்திருக்கும். அதே கிரீம் டிப்ஸ்டிக்கிலும் இருந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) மேல் சந்தேகம் வைத்தாக வேண்டும். கூலன்ட் டேங்க் மூடியை இன்ஜின் சூடாக இருக்கும்போது எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள், கொதிநீர் பீறிட்டு அடிக்கும். உள்ளே துருப்பிடித்த நிறத்தில் இருந்தால் யாரோ வெறும் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கலாம்.

அப்புறம் சாவியைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், இக்னிஷனை மட்டும் ஆன் செய்து டேஷ்போர்டைக் கவனியுங்கள். இந்தப் பத்து வினாடியைத்தான் நிறைய பேர் தவறவிடுகிறார்கள். செக் இன்ஜின், ஆயில், பேட்டரி, ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்தாக வேண்டும். ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் சில வினாடிகளில் அணையும், மற்றவை இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அணையும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு, அது எல்லாருக்கும் தெரியும். எரியவே இல்லையென்றால்தான் நான் அதிகம் பயப்படுவேன். கோளாறு தெரியக்கூடாது என்று பல்பையே பிடுங்கியிருக்கலாம், அல்லது வெடித்துத் தீர்ந்த ஏர்பேக்கை மாற்றாமல் மூடி மட்டும் மாட்டியிருக்கலாம்.

இதோடு சேர்த்து காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுகளைப் படிக்கும் ஒரு சின்ன ஓபிடி (OBD) ஸ்கேனர் வாங்கிக்கொள்ளுங்கள், ப்ளூடூத்தில் போனோடு இணைவதே போதும். டிரைவர் பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில் 16 பின் சாக்கெட் இருக்கும், அதில் செருக வேண்டியதுதான். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இது கட்டாயம் என்பதால் அந்த நாடுகளில் அதற்குப் பிந்தைய பெரும்பாலான கார்களில் வேலை செய்யும். கோளாறுக் குறியீடு ஏதும் இல்லை என்று வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள், கார் தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினஸ் மானிட்டர் என்று ஒரு பக்கம் இருக்கும், அதையும் திறந்து பாருங்கள். அதில் பல வரிகள் 'முழுமையாகவில்லை' என்று காட்டினால் சமீபத்தில்தான் யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தால் உண்மை வெளியே வந்துவிடும்.

இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் பின்னால் போய் சைலன்சரைப் பாருங்கள். குளிரில் வெள்ளை ஆவி வந்து சற்று நேரத்தில் நின்றுவிட்டால் சரி. சூடேறிய பிறகும் அடர்த்தியாக வெள்ளைப் புகை தொடர்ந்தால் பெரும்பாலும் கூலன்ட் எரிகிறது, நீலம் கலந்திருந்தால் ஆயில் எரிகிறது, கருப்பாக இருந்தால் எரிபொருள் அதிகமாகப் போகிறது. கையில் மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரியையும் பார்த்துவிடலாம்: இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5க்கும் 14.7க்கும் இடையில் காட்டும்.

டயருக்கு வருவோம். பள்ளம் ஆழமாக இருக்கிறது என்று மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், ரப்பருக்கு வயது உண்டு. பக்கவாட்டில் DOT என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. நான்கு டயரிலும் பாருங்கள், ஸ்டெப்னியிலும் பாருங்கள், அதுதான் பெரும்பாலும் வண்டி வாங்கிய நாளிலிருந்து மாறாமல் கிடக்கும். பல நாடுகளில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படி ஓட்டக்கூடாது, மழையில் பிடிப்பு அதற்கு வெகு முன்பே குறைந்துவிடும். தேய்ந்த விதத்தையும் கவனியுங்கள்: நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம் சரியில்லை. காற்று எவ்வளவு என்பதை டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ பாருங்கள். டயரின் மேலேயே அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை நிரப்பக் கூடாது.

வண்டி வெள்ளத்தில் நின்றதா என்ற சந்தேகம் இருந்தால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வெளியே தெரிகிற பகுதியைத் துடைத்திருப்பார்கள், சுருளுக்குள் இருக்கும் பகுதியில் சேற்றுக்கோடு அப்படியே நிற்கும். மிதியடியைத் தூக்கி கார்ப்பெட்டையும் கையால் அழுத்திப் பாருங்கள். முன்பக்கத் தரை மட்டும் ஈரமாக இருந்தால் பெரும்பாலும் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும், சின்ன வேலைதான். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியையும் விட்டுவிடாதீர்கள்.

இப்போது சர்வீஸ். இங்கே நான் ஒரே ஒரு விதியைத்தான் பிடித்துக்கொள்வேன்: பில் இல்லாத வேலை நடக்காத வேலை. "போன மாதம்தான் ஆயில் மாத்தினேன்" என்று விற்றவர் சொன்னால் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் எந்த ஆயில், எந்த ஃபில்டர் என்று உங்களுக்குத் தெரியாதே. இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றையும் மாற்றிவிடுங்கள், கையேட்டில் சொல்லியிருக்கும் தரத்தில். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும், அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள், ஒரே நிறத்தில் வேறு வேறு வகை விற்கிறது, தவறான வகையைக் கலந்தால் சிலசமயம் திரிந்து கெட்டியாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேல் டைமிங் பெல்ட், இன்ஜினில் வால்வும் பிஸ்டனும் தாளம் தப்பாமல் ஓடவைக்கும் பட்டை. உங்கள் இன்ஜினில் இருப்பது பெல்ட்டா செயினா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் கிலோமீட்டர் கணக்கும் உண்டு, வருடக் கணக்கும் உண்டு, இரண்டில் எது முந்துகிறதோ அதற்கு மாற்ற வேண்டும். ஓடாமல் நின்றுகொண்டிருந்த வண்டி என்பதால் பெல்ட் புதிதாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பல இன்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடித்து இன்ஜினையே திறக்க வேண்டிய நிலை வரும். மாற்றியதற்கு பில் இல்லையா, சீட் கவர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் தள்ளிப்போட்டுவிட்டு இதை முதலில் செய்யுங்கள்.

திரவங்களையும் ஃபில்டர்களையும் ஒரேயடியாக மாற்றலாம். ஆனால் பாகங்களை, குறிப்பாக ஏதோ சத்தம் வருகிறது என்று மாற்றும்போது, ஒவ்வொன்றாக மாற்றி ஓட்டிப் பாருங்கள். நான்கைச் சேர்த்து மாற்றினால் எது சரியானது என்று உங்களுக்கும் தெரியாது, மெக்கானிக்குக்கும் தெரியாது.

சரி, இனி வாளியை எடுக்கலாம். உள்ளேயிருந்து தொடங்குங்கள், மேலிருந்து கீழே. வாசனைதான் பெரிய தொல்லை, அதை சென்ட் தொங்கவிட்டு மூட முடியாது. பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரை உருவிப் பாருங்கள், சருகும் பூச்சியும் கருப்புத் தூசியுமாக இருக்கும். புதியது போடும்போது அதில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், கவனம். அதற்கும் மசியாமல் ஏசி போட்டதும் ஈரத்துணி நாற்றம் வந்தால் உள்ளே ஏசியின் குளிர்விக்கும் பாகமான எவாப்பரேட்டரில் பூஞ்சை, அதற்கென்று இருக்கும் நுரை ஸ்பிரே அடிக்க வேண்டும். அன்றாடம் ஓட்டும்போதும் போய்ச்சேர ஐந்து நிமிடம் முன்பு கம்ப்ரஸரை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டால் உள்ளே காய்ந்துவிடும். சிகரெட் வாசனை என்றால் மேல்கூரைத் துணியையும் கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடைக்காமல் போகாது, கூரைத் துணியை நனைத்துவிடாமல் லேசாகத் துடையுங்கள், பசை விட்டுத் தொங்கிவிடும். டேஷ்போர்டில் எண்ணெய்போல் மின்னும் பாலிஷ் எனக்குப் பிடிக்காது, வெயிலில் அது முன்கண்ணாடியில் பிரதிபலிக்கும். ஸ்டியரிங்கிலும் பெடலிலும் அதைத் தடவவே கூடாது, வழுக்கும்.

மஞ்சளித்த ஹெட்லைட்டை 800, 1500, 2000, 3000 என்ற நம்பர்களில் வரிசையாகத் தண்ணீர் காகிதம் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டுத் தேய்த்துப் பாலிஷ் செய்தால் தெளிந்துவிடும், ஆனால் கடைசியில் யூவி கோட்டிங் அடிக்காவிட்டால் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும். இன்ஜின் பகுதியில் பிரஷர் தண்ணீர் பாய்ச்சாதீர்கள், ஈரத்துணியும் பிரஷும் போதும்.

உட்கார்ந்திருக்கும்போதே ஸ்கிரீனில் பழைய உரிமையாளரின் போன்கள், சேமித்த முகவரிகள் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். கார் கம்பெனி ஆப் இருந்தால் அவர் கணக்கிலிருந்து வண்டியை நீக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அவர் போனிலிருந்தே கதவைத் திறக்க முடியும். வீல் நட்டுக்குப் பூட்டு இருந்தால் அதன் சாவி டிக்கியில் இருக்கிறதா என்று பார்த்து, வீட்டு வாசலிலேயே ஒருமுறை ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிவிடுங்கள்.

டேங்கை முழுக்க நிரப்பி மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை மறுபடி முழுக்க நிரப்பும்போது போன கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் கிடைக்கும். ஆயில் மாற்றிய பிறகு முதல் ஆயிரம் கிலோமீட்டர்வரை வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், வண்டி எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும்.