மழை அட்டவணையைக் காதால் படிக்க

ஊட்டி, குன்னூர், கூடலூர் என ஊர்வாரியாக மழையளவு தரும் பழைய நீலகிரிப் புத்தகத்தைப் பார்வையற்ற மாணவருக்காக ஸ்கேன் செய்கிறீர்களா? அட்டவணைப் பக்கத்தை, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளின் போக்கில் விடாதீர்கள். கட்டங்களைக் கலைத்து எண்களைக் கொட்டிவிடும். கூடலூரின் ஜூலை மழை குன்னூரின் நவம்பரோடு ஒட்டிக்கொண்டால் கேட்பவருக்கு என்ன புரியும்?

அந்த மென்பொருளில் அப்பகுதியை அட்டவணை என்று நீங்களே குறியுங்கள். பிறகு வேர்டில் முதல் வரியைத் தலைப்பு வரியாக அமையுங்கள். அப்போதுதான் திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் என்விடிஏ திரைவாசிப்பானில் கண்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு அம்புக்குறியை அழுத்தி நகரும்போது, ‘ஜூலை’ என்று சொல்லிவிட்டு எண்ணைப் படிக்கும்.

‘தென்மேற்குப் பருவமழை’ என்று நான்கு மாதத் தலைப்புகளுக்கு மேலே ஒரே கட்டமாக நீள்வதைப் பிரித்து, ஒவ்வொரு மாதத் தலைப்பிலும் அதைச் சேருங்கள். ‘மேற்படி’ என்பதற்காகப் போட்ட குறிகளை நீக்கி முழு விவரத்தையும் எழுதுங்கள். செவிக்கு அந்தக் குறி வெறும் இரைச்சல்.

மிக முக்கியமானது தசமப் புள்ளி. 12.45 அங்குலம் சட்டென்று 1245 ஆகிவிடும். பன்னிரண்டு மாதங்களையும் கூட்டி, அச்சிலுள்ள ஆண்டு மொத்தத்தோடு ஒப்பிடுங்கள்; பிழை அகப்பட்டுவிடும். அச்சிலேயே கூட்டல் தவறியிருந்தால் எண்ணைத் திருத்தாமல், கீழே ஒரு குறிப்பு மட்டும் சேருங்கள்.