சேன் மாலோ, தினான்: ஓதம் பார்த்துத் திட்டமிடும் ஒரு நாள்

முதல் முறை சேன் மாலோவுக்குப் போனபோது கடற்கரைக்கு எதிரே இருக்கும் கிரான் பே என்ற குட்டித் தீவுக்கு நடந்தே போகலாம் என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். காலை ஒன்பது மணிக்குக் கரையில் நின்றால் தீவு இருந்தது, பாதை இல்லை. எனக்கும் தீவுக்கும் நடுவே முழுக்கக் கடல். பக்கத்தில் நாயோடு நின்ற ஒரு முதியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கடல் வற்றும்போதுதான் பாதை வெளியே வரும், நான் தவறான நேரத்தில் வந்திருக்கிறேன் என்று புரிந்தது.

பிரான்சின் வடமேற்கில் இருக்கும் பிரிட்டனி பகுதியின் இந்தக் கரையில் ஒரு நாளை அவசரமில்லாமல் கழிப்பது எப்படி என்று முதல் முறை போகிறவர்களுக்காக எழுதுகிறேன். பாரிசின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து நேரடி அதிவேக ரயிலில் சேன் மாலோ ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். முந்தைய நாள் மாலையே வந்து தங்கிவிடுங்கள். பாரிசிலிருந்து காலையில் வந்து இரவே திரும்பினால் பாதி நாள் ரயிலிலேயே போய்விடும்.

படி 1: ஓத அட்டவணையை எடுங்கள்

ஓதம் என்றால் கடல் ஏறி வற்றுவது. ஹோட்டல், உணவகம், டிக்கெட் எல்லாம் இதற்குப் பிறகுதான். சேன் மாலோ கரையில் கடல் ஏறி வற்றும் அளவு ஐரோப்பாவிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. பெரிய ஓத நாள்களில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையே நீர்மட்டம் 12 மீட்டருக்கு மேல் மாறும். காலையில் மதிலில் மோதிய அலையை மதியம் தொலைவில் ஒரு கோடாகத்தான் பார்ப்பீர்கள்.

அட்டவணை சுற்றுலா அலுவலகத்தில் கிடைக்கும், இணையத்திலும் இருக்கிறது. படிப்பதில் மூன்று சிக்கல்கள் உண்டு. முதலாவது, அதில் ‘PM’ என்ற இரண்டு எழுத்தைக் கண்டதும் பிற்பகல் என்று நினைத்துவிடுவோம். அது ‘பிளேன் மேர்’, அதாவது உயர் ஓதம். இன்னொரு சுருக்கம் ‘BM’. அது ‘பாஸ் மேர்’, தாழ் ஓதம்.  குழப்பமாக இருந்தால் பக்கத்தில் உள்ள மீட்டர் கணக்கைப் பாருங்கள்: பெரிய எண் உயர் ஓதம், சின்ன எண் தாழ் ஓதம். இரண்டாவது, சில அட்டவணைகளில் கோடைக்கால நேரம் சேர்க்கப்பட்டிருக்காது. அப்படியானால் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். மூன்றாவது, குணகம் என்று ஒரு எண் இருக்கும். அது 20 முதல் 120 வரை போகும். 100ஐத் தாண்டினால் கடல் மிகவும் வற்றும், மிகவும் ஏறும்.

நம் ஊர் தினசரி நாள்காட்டியே இதற்குப் பாதி உதவும். அமாவாசை, பௌர்ணமி முடிந்த ஓரிரு நாளில் குணகம் பெரிதாக இருக்கும். இந்தக் கரையில் அந்த நாள்களின் தாழ் ஓதம் பிற்பகல் இரண்டு, மூன்று மணி வாக்கில் விழும். அஷ்டமி, நவமி வாக்கில் கடல் அவ்வளவாக வற்றாது, தாழ் ஓதமும் காலையிலோ இரவிலோ போய் விழும். அஷ்டமி, நவமி ஆகாது என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனால் சேன் மாலோவுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறேன்.

கீழே வரும் திட்டம் தாழ் ஓதம் பிற்பகலில் வரும் நாளுக்கானது. தாழ் ஓதம் காலையில் வந்தால் தினான், சேன் மாலோ இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 2: ஒரு ஊரைக் கழியுங்கள்

வரைபடத்தைப் பார்த்தால் தினான், சேன் மாலோ, கான்கால், மோன் சேன் மிஷேல் நான்கும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். நான்கையும் ஒரே நாளில் போட்டுவிடலாம் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். இரண்டுதான். மோன் சேன் மிஷேலுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். சிப்பிப் பிரியர்கள் தினானை விட்டுவிட்டுக் கான்காலுக்குப் போகலாம். அங்கே துறைமுகத்தை ஒட்டிய சிறு சந்தையில் ஒரு டஜன் சிப்பியை உடைத்து எலுமிச்சையோடு தட்டில் வைத்துத் தருவார்கள். கடலைப் பார்த்து உட்கார்ந்து தின்றுவிட்டு ஓட்டைக் கீழே கரையில் வீசுவதுதான் அங்கே வழக்கம். சிப்பியின் அளவைக் குறிக்கும் எண் சிறிதானால் சிப்பி பெரிது, இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பச்சைச் சிப்பி எனக்கு ஒத்துவரவில்லை. ஆகவே என் ஓட்டு தினானுக்கு.

படி 3: காலை ஒன்பதுக்குள் தினான்

சேன் மாலோவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். பஸ் உண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் குறைவு. வாடகைக் கார் எடுத்தால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைக் கையில் வைத்திருங்கள். பலகை எதுவும் இல்லாத சந்திப்புகளில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை. சின்னச் சந்திலிருந்து ஒரு கார் திரும்பிக்கூடப் பார்க்காமல் உங்கள் முன்னால் வந்து நுழைந்தால் அவர் மீது தவறில்லை.

தினான் ஓர் ஆற்றுக்கு மேலே குன்றின்மீது, மதிலுக்குள் இருக்கும் ஊர். மரச்சட்டங்களுக்கு நடுவே மண்ணும் சுண்ணமும் பூசிக் கட்டிய வீடுகள், மேல்மாடி தெருப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். துருத்தலுக்கு அடியில் மழை படாமல் அன்றைய வணிகர்கள் சரக்கை விரித்தார்கள். முதலில் மணிக்கூண்டு ஏறுங்கள், 158 படி. மேலே தொங்கும் மணியை 1507இல் பிரிட்டனியின் கோமகள் ஆன் கொடுத்தார். மேலே நிற்கும்போது மணி அடித்தால் காது அதிரும், கால் மணி நேரக் கணக்கைப் பார்த்து ஏறுங்கள்.

அடுத்து சேன் சொவேர் தேவாலயம். உள்ளே பெர்த்ரான் து கெக்லான் என்ற தளபதியின் இதயம் இருக்கிறது. இதயம் மட்டும்தான். 1380இல் அவர் நாட்டின் தெற்கே இறந்தபோது தினானில் அடக்கம் செய்யச் சொல்லியிருந்தார். வழியில் உடலைக் காக்க முடியாமல் பகுதி பகுதியாக வெவ்வேறு ஊர்களில் புதைத்தார்கள். எலும்புகள் பாரிசுக்கு அருகே சேன் தெனியில் அரசர்களோடு, இதயம் சொந்த மண்ணில்.

பிறகு ஜெர்சுவல் தெரு. கருங்கல் பாவிய செங்குத்துச் சரிவு. மதில் வாசலைத் தாண்டி ரான்ஸ் ஆற்றின் பழைய படகுத்துறை வரை இறங்கும். மழை பெய்திருந்தால் கல் வழுக்கும், ரப்பர் அடி உள்ள செருப்பு அவசியம். ஊரிலேயே இந்தத் தெருவுக்குத்தான் அதிக நேரம் தர வேண்டும். கீழே போய் நிமிர்ந்து பார்த்தால் 1852இல் திறந்த மேம்பாலம் 40 மீட்டர் உயரத்தில் ஆற்றைக் கடக்கும். படகை இழுத்துச் செல்லும் குதிரைகளுக்காகப் போட்ட கரைப்பாதையில் அரை மணி நடந்தால் லேயோன் என்ற சிற்றூரும் அதன் பழைய மடமும். போனால் நல்லது, போகாவிட்டாலும் குறையில்லை. இறங்கியதையெல்லாம் ஏற வேண்டும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

படி 4: பன்னிரண்டரைக்குச் சாப்பாடு

இரண்டு மணிக்கு மேல் சமையலறையை மூடிவிடும் உணவகங்கள் இங்கே அதிகம், ஆகவே பசிக்காவிட்டாலும் உட்காருங்கள். நுழையும்போது ‘போன்ஜூர்’ சொல்லாமல் பேச ஆரம்பிப்பது மரியாதைக் குறைவு. கேட்க வேண்டியது ‘கலெத்’: பக்வீட் மாவைக் கரைத்து வட்டக் கல்லில் ஊற்றி, சின்ன மரக்கட்டையால் இழைத்துச் சுட்டது. ‘கோம்ப்ளெத்’ என்றால் பன்றி இறைச்சி, சீஸ், முட்டை. இறைச்சி வேண்டாதவர்கள் சீஸ், காளான் வைத்ததைக் கேளுங்கள். கிண்ணத்தில் வரும் ஆப்பிள் சைடரில் மது உண்டு, கார் ஓட்டுபவர் தொட வேண்டாம். ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம்.

படி 5: அணைமேல் கடந்து கடலுக்கு

காரில் போகிறவர்கள் ரான்ஸ் ஆற்றின் மேற்குக் கரை வழியாக ஏறி, ஆற்று முகத்துவாரத்தில் உள்ள அணையின் மேல் போகும் சாலையில் சேன் மாலோவுக்குள் நுழையுங்கள். காலையில் நீங்கள் அட்டவணையில் படித்த அதே ஏற்றவற்றத்தில் மின்சாரம் எடுக்கும் நிலையம் அது. 1966இல் திறந்தார்கள். 24 சுழலிகள், 240 மெகாவாட். படகுகள் கடக்கும்போது பாலத்தைத் தூக்குவார்கள், சாலை நிற்கும். எரிச்சல்படாமல் இறங்கிப் பாருங்கள்.

படி 6: தாழ் ஓதத்துக்கு ஒரு மணி முன்பு சேன் மாலோ

காரை மதிலுக்கு வெளியே விடுங்கள். நேராகக் கடற்கரைக்கு இறங்கி கிரான் பேக்கு நடங்கள். கற்பாதை பாசி பிடித்திருக்கும். தீவின் உச்சியில் எழுத்தாளர் ஷத்தோபிரியானின் கல்லறை: பெயர் பொறிக்காத கல், ஒரு சிலுவை, எதிரே கடல். இந்த ஊரில் பிறந்தவர், 1848இல் இறந்தார்.

நான் கடைப்பிடிக்கும் விதி: தாழ் ஓதம் கழிந்து ஒரு மணி நேரத்துக்குள் கரையில் இருக்க வேண்டும். பாதை மூழ்கிவிட்டால் நீரில் இறங்கிக் கடக்க முயலாதீர்கள். கடல் அடுத்து வற்றும் வரை தீவிலேயே காத்திருப்பதுதான் வழி, அது பல மணி நேரம் ஆகும்.

பிறகு மதில்மேல் ஏறிச் சுற்றுங்கள், ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். உள்ளே தெரியும் நகரம் பழையதுபோல் இருக்கும், பெரும்பகுதி பழையதல்ல. 1944 ஆகஸ்டில் நடந்த சண்டையில் ஏறத்தாழ 80 விழுக்காடு அழிந்து, அதே கருங்கல் தோற்றத்தில் திரும்பக் கட்டினார்கள். தினானை முதலில் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் கண்ணில் படும்: இங்கே தெருக்கள் கொஞ்சம் அதிகமாகவே நேராக நிற்கும்.

மதிலில் சுர்கூஃப் சிலை இருக்கிறது. அரசாங்க அனுமதியோடு எதிரிக் கப்பல்களைப் பிடித்தவர். 1800இல் வங்காள விரிகுடாவில் ‘கென்ட்’ என்ற ஆங்கிலக் கப்பலைப் பிடித்தவர் அவர்தான். 1746இல் சென்னையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய லா பூர்தொனேயும் இந்த ஊர்க்காரரே. நம் கடற்கரைக்கு வந்த அந்தக் கப்பற்படைத் தலைவர் வளர்ந்த கடல் இது.

படி 7: இருட்டும் வரை இருங்கள்

ஜூன் மாதம் சூரியன் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் மறையும். ஒரு ‘குவின் அமான்’ வாங்கிக்கொள்ளுங்கள், மாவில் வெண்ணெயும் சர்க்கரையும் மடிப்பு மடிப்பாகச் சேர்த்துச் சுட்டது, இருவருக்கு ஒன்று போதும். போன் செகூர் கரைக்கு மேலே மதில் சுவரில் உட்காருங்கள். கீழே மணலில் சுவர் கட்டிய கடல்நீர்க் குளம் ஒன்று இருக்கிறது, மதியம் பிள்ளைகள் அதில் நீந்திக்கொண்டிருந்திருப்பார்கள். கடல் முதலில் குளத்தின் வெளிச்சுவரை நக்கும், பிறகு சுவருக்கு மேலே வழியும், பிறகு குளம் எது கடல் எது என்று தெரியாது. கடைசியில் குதிப்பதற்குக் கட்டிய மேடை மட்டும் நட்ட நடுக் கடலில் தனியாக நிற்கும்.